சூடு வைத்த மீட்டர்

சென்னை ஆட்டோக்களோடு மல்லுக்கட்டியவர் எவருக்கும் ‘சூடு வைத்த மீட்டர்’ என்னும் தொடர் புதிதன்று. ஓடிய தூரத்தைக் காட்டவேண்டிய கருவி, எவரோ உள்ளே கைவைத்ததால், ஓடாத தூரத்தையும் சேர்த்துக் காட்டும். கணினி நிரலாளர்களிடையே நெடுங்காலமாக நடந்துவரும் ஒரு சர்ச்சையை இலக்கிய வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல இதைவிட நல்ல தொடர் நமக்குக் கிடைக்கவில்லை. நிரலில் வரும் ஒரு பொருளுக்குச் ‘செட்டர்’ வைக்கலாமா, கூடாதா என்பதே அச்சர்ச்சை. கூடாது என்பது நம் கட்சி. எங்கே கூடாது, எங்கே வைத்தால் குற்றமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அது கட்சியாக இராது, வெறும் கூச்சலாகிவிடும்.

தமிழ் கற்பிப்பவர்களுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. ஒரு பொருளைப் பெயரால் காட்டுவதா, அது செய்யும் வினையால் காட்டுவதா என்பதுதான் இச்சர்ச்சையின் அடிப்படை. பெயரையும் வினையையும் பற்றி ஒரு கருத்துச் சொல்ல இலக்கணம் படித்தவர்களுக்கு ஓரளவு உரிமை உண்டு. அதற்கும் மேலாக, நம் பட்டாவும் மதிப்பெண்ணும் மின்கட்டணமும் இன்று எவரோ எழுதிய நிரல்களுக்குள்தான் குடியிருக்கின்றன. அந்த வீடுகளுக்குக் கதவு எப்படி வைக்கப்படுகிறது என்று குடியிருப்பவர்கள் கேட்பதில் தவறில்லை.

முதலில் சொற்கள். பொருள்நோக்கு நிரலாக்கம் என்னும் முறையில், ஒரு பொருளைப் பற்றிய தரவுகளும் அத்தரவுகளைக் கொண்டு அப்பொருள் செய்யக்கூடிய செயல்களும் ஒரே உறைக்குள் வைக்கப்படுகின்றன. அவ்வகைப் பொருள்களுக்கான பொது வரையறையைத் தமிழ்வழி மேல்நிலைப் பாடநூல்கள் ‘இனக்குழு’ என்கின்றன. தரவை வெளியார் தொடாதபடி மூடிவைப்பதை ‘உறைபொதியாக்கம்’ என்கின்றன. சொல் சற்றே கனமானது. ஆனால் கருத்துப் பிழையில்லை. செட்டர் என்பது, அப்படி மூடிவைத்த தரவு ஒன்றை வெளியிலிருந்து ஒருவர் தாம் விரும்பும் மதிப்புக்கு மாற்றி அமர்த்துவதற்கென்றே எழுதப்படும் சிறு வழிமுறை. அதன் இணையான கெட்டர், தரவைப் படித்து வெளியே சொல்வது. மூடிவைத்ததற்குச் சாவியும் செய்து அதை வாசலிலேயே தொங்கவிடுவது போன்றது இது என்று ஒரு தரப்பார் கேலி செய்வார்கள். கேலியில் உண்மை எவ்வளவு என்று பார்ப்போம்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில், பொருள்நோக்கு நிரலாக்க ஆய்வகத்துக்கு விதிக்கப்பட்ட முதல் பயிற்சி, மின்கட்டணப் பட்டி தயாரிக்கும் ஜாவா நிரல். நுகர்வோர் எண், நுகர்வோர் பெயர், முந்தைய மாத அளவு, நடப்பு மாத அளவு, வீட்டு இணைப்பா வணிக இணைப்பா என்னும் வகை ஆகிய ஐந்தும் அந்த இனக்குழுவின் உறுப்புகள். வீட்டு இணைப்பானால் முதல் 100 யூனிட்டுக்கு யூனிட் ஒன்றுக்கு 1 ரூபாய், 101 முதல் 200 வரை 2.50 ரூபாய், 201 முதல் 500 வரை 4 ரூபாய், அதற்கு மேல் 6 ரூபாய் என்று கணக்கும் வினாவிலேயே இருக்கும். அடுத்து வந்த 2021 ஒழுங்குமுறையில் பயிற்சிப் பட்டியல் மாறியது. ஆயினும் அதற்குள் தமிழ்நாட்டுப் பொறியியல் மாணவர்களில் ஒரு பெரிய கூட்டம், ‘பொருள்’ என்பதை இந்த மின் இணைப்பின் வடிவில்தான் முதன்முதலில் எழுதிப் பார்த்துவிட்டது.

வினா செட்டர் எழுதச் சொல்லவில்லை. ஆனால் வழக்கம் ஒன்று உண்டு. ஐந்து உறுப்புகளையும் மூடிவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கெட்டர், ஒரு செட்டர் எழுது. ஆகப் பத்து வழிமுறைகள். நிரல் எழுத உதவும் மென்பொருள்களில் இரண்டு சொடுக்குகளில் இப்பத்தும் தாமாகவே விளைந்துவிடும். கைக்கு வேலை இல்லை. ஆகவே மூளைக்கும் வேலை இல்லை.

இதில் என்ன கேடு? ஒரு வீட்டின் முந்தைய அளவு 4,210, நடப்பு அளவு 4,390 என்று கொள்வோம். ஓடியது 180 யூனிட். வினாவிலுள்ள கணக்குப்படி முதல் 100க்கு 100 ரூபாய், மிச்சம் 80க்கு 200 ரூபாய், ஆக 300 ரூபாய். நிரலின் வேறொரு மூலையில் எவரோ முந்தைய அளவை 4,300 என்று அமர்த்திவிட்டால் கட்டணம் 90 ரூபாயாகச் சுருங்கிவிடும். நடப்பு அளவை 4,000 என்று அமர்த்தினால் அவ்வீடு மின்சாரம் எடுக்காததோடு 210 யூனிட் திருப்பியும் கொடுத்ததாகக் கணக்கு வரும். இதற்கு உடனே ஒரு பதில் வரும்: செட்டருக்குள்ளேயே சரிபார்ப்பு எழுதிவிடலாமே, நடப்பு அளவு முந்தைய அளவைவிடக் குறைந்தால் மறுத்துவிடலாமே என்று. நல்லது, மறுக்கட்டும். அடுத்த முறை அளவெடுக்கும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

புதிய அளவு 4,520. பழைய நடப்பு அளவு இப்போது முந்தைய அளவாக வேண்டும்; புதியது நடப்பாக வேண்டும். இரண்டு செட்டர்களை ஒன்றன்பின் ஒன்றாக அழைக்க வேண்டும். முதலில் முந்தைய அளவை 4,390க்கு ஏற்றிவிட்டுப் பிறகு நடப்பு அளவை 4,520க்கு மாற்றினால் எல்லாம் சரி. வரிசை மாறி, முதலில் நடப்பு அளவை 4,520 ஆக்கிவிட்டு, பிறகு ‘நடப்பு அளவை எடுத்து முந்தைய அளவில் போடு’ என்று எழுதிவிட்டால், இரண்டும் 4,520 ஆகிவிடும். ஓடிய யூனிட் சுழியம். எந்தச் சரிபார்ப்பும் கூவாது. ஏனென்றால் ஒவ்வொரு செட்டரும் தன்னளவில் நேர்மையாகவே நடந்துகொண்டது. இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள உறவுதான் அந்தப் பொருளின் உயிர். உறுப்புக்கொரு செட்டர் என்று பிரித்துக் கொடுத்தபோது அந்த உறவைக் காக்கும் பொறுப்பு பொருளின் கையைவிட்டு நழுவி, அதை அழைக்கின்ற ஒவ்வொருவர் தலையிலும் விழுந்துவிட்டது. ஐம்பது இடங்களிலிருந்து அழைத்தால் ஐம்பது பேரும் வரிசையை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

மாறாக, அப்பொருளிடம் ‘அளவெடு’ என்று ஒரே ஒரு வழிமுறை இருந்து, அதனிடம் 4,520 என்று மட்டும் சொன்னால் போதும் என்றிருந்தால்? பழையதைப் பின்னுக்குத் தள்ளுவது, புதியதை முன்னுக்கு வைப்பது, குறைந்தால் மறுப்பது ஆகிய மூன்றும் உள்ளேயே, ஓரிடத்திலேயே நடந்துவிடும். மதிப்பு அப்போதும் மாறத்தான் செய்கிறது. மாற்றமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. மாற்றம் அப்பொருளின் அறிவோடு நடக்கட்டும் என்றுதான் சொல்கிறோம்.

உண்மையான மின்மீட்டரைப் பாருங்கள். அதில் எண்ணைப் படிக்கக் கண்ணாடி உண்டு. எண்ணைத் திருத்தத் திருகு கிடையாது. மூடியின் மேல் முத்திரை. அந்த எண்ணை உயர்த்த வேண்டுமானால் ஒரே வழி, வீட்டில் விளக்கைப் போடுவதுதான். உள்ளே கைவைத்தால் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135ஆம் பிரிவு அதை மின்திருட்டு என்கிறது. நாட்டின் சட்டமே செட்டர் வைக்காதே என்று சொல்லியிருக்கும் ஒரு கருவியைப் படம் பிடிக்கும் முதல் பயிற்சியில், அதற்கு இரண்டு செட்டர் வைத்து மாணவர்கள் தேர்ச்சி பெறுகிறார்கள் என்பது வேடிக்கைதான்.

நம் பேச்சுவழக்கும் இதை அறிந்தே வைத்திருக்கிறது. ‘மீட்டர் ஓடுகிறது’ என்றுதான் சொல்கிறோம். ஓடுதல் மீட்டரின் வினை. இங்கே இலக்கணத்தைச் சற்றே உதவிக்கு அழைக்கலாம். தமிழில் உருண்டது, உருட்டினான், திருந்தினான், திருத்தினான், நிரம்பியது, நிரப்பினான் என்று தன்வினையும் பிறவினையும் இணை இணையாக நிற்கின்றன. பந்தை ஒருவன் உருட்டினான் என்னும்போது தூண்டியவன் அவன். ஆனாலும் உருள்வது பந்துதான். அதன் உருண்டை வடிவம், தரையின் சரிவு, வழியிலுள்ள கல் எல்லாம் அந்த உருளலில் கணக்குக்கு வருகின்றன. நல்ல நிரலில் ஒரு பொருளை அழைப்பது இத்தகைய பிறவினை. நாம் தூண்டுகிறோம், அது தன் இயல்புக்கேற்பச் செய்கிறது. செட்டரோ பிறவினைகூட இல்லை. பந்தைக் கையால் தூக்கி வேறிடத்தில் வைத்துவிட்டு, உருண்டது என்று எழுதிக்கொள்வது அது. பந்துக்கு அங்கே வினையே இல்லை. வினையே இல்லாத ஒன்றைப் பொருள் என்று அழைத்து இனக்குழு, உறைபொதி என்றெல்லாம் பெயரிடுவதில் என்ன பயன்?

*

மீட்டர் இருப்பது மின்கம்பியின் ஒரு முனையில். மறுமுனைக்கும் போய்ப் பார்த்துவிடுவது நல்லது. ஏனெனில் மீட்டரில் தவறு நடந்தால் பணம்தான் போகும், அங்கே தவறு நடந்தால் உயிர் போகும். அந்த மறுமுனைகளுள் ஒன்று நீலகிரியில் இருக்கும் கிளென்மார்கன்.

உதகையிலிருந்து கூடலூர் செல்லும் சாலையில் பிரிந்து உள்ளே போனால் தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே கிளென்மார்கன் வரும். வருகிறவர்கள் பார்த்துச் செல்வது ஒரு சிறு நீர்த்தேக்கத்தையும் அதற்கப்பால் சட்டென்று முடிந்துவிடும் மலை விளிம்பையும். பைக்காரா ஆற்றின் நீர் இங்கே கொண்டுவரப்பட்டு, எஃகுக் குழாய்களுக்குள் புகுந்து, ஏறத்தாழ 3,000 அடி கீழே சிங்காராவிலுள்ள மின்நிலையத்தில் போய் விழுமாறு சென்னை மாகாண அரசு அமைத்த திட்டம் 1932இல் மின்சாரம் தரத் தொடங்கியது. கோவையில் நூற்பாலைகள் பெருகியதற்குப் பைக்காரா மின்சாரம் ஒரு முக்கியக் காரணம். பின்னாளில் அதே நீரைக் கொண்டு 150 மெகாவாட் திறனுள்ள பைக்காரா இறுதிநிலைத் திட்டம் 2005இல் வந்தது. மின்வாரிய ஊழியர்கள் ஏறி இறங்குவதற்கென்று அமைக்கப்பட்ட வின்ச் வண்டிப் பாதை அச்சரிவில் ஒரு கோடுபோல இறங்குகிறது.

3,000 அடி இறங்கிய நீர், கூம்பு முனை வழியாகத் தாரையாக வெளிப்படும்போது மணிக்கு 400 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகம் கொண்டிருக்கும். அத்தாரை பெல்டன் சக்கரத்தின் கிண்ணங்களில் மோதிச் சக்கரத்தைச் சுழற்றும். தாரையின் பருமனைக் கூட்டிக் குறைக்கக் கூம்பு முனைக்குள் ஓர் ஊசி முன்னும் பின்னும் நகரும். சக்கரத்தின் வேகம் மாறாமல் இருந்தால்தான் மின்சாரத்தின் அலைவு நொடிக்கு 50 என்னும் அளவில் நிற்கும்.

இப்போது கோவையில் ஒரு பெரிய ஆலை திடீரென்று நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சுமை குறைந்தது, சக்கரம் வேகமெடுக்கப் பார்க்கும். தாரையை உடனே குறைக்க வேண்டும். ஊசியைச் சட்டென்று மூடிவிடலாமா? மூடினால், மேலே ஆயிரக்கணக்கான அடி நீளக் குழாய்க்குள் இறங்கிக்கொண்டிருக்கும் நீர் முழுதும் ஒரே கணத்தில் நிற்க முயலும், அழுத்தம் பேரலையாகத் திரும்பி அடிக்கும், குழாய் வெடிக்கும். எனவே இத்தகைய நிலையங்களில் முதலில் ஒரு தகடு தாரையின் குறுக்கே வந்து அதைச் சக்கரத்திலிருந்து விலக்கிவிடும். நீர் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் சக்கரத்தில் படாது. அதன் பிறகு ஊசி மெல்ல மெல்ல மூடும். முதலில் தகடு, பிறகு ஊசி, அதுவும் மெதுவாக. இந்த வரிசையைக் காப்பது வேகக் கட்டுப்பாட்டுக் கருவி. அது நிலையத்துக்குள்ளேயே இருக்கிறது.

சென்னையிலுள்ள மின்சுமைப் பகிர்வு மையம் ஒரு நீர்மின் நிலையத்துக்கு இத்தனை மெகாவாட் கொடு, இத்தனை குறை, நிறுத்து என்று சொல்லும். ‘ஊசியை இத்தனை அங்குலத்தில் வை’ என்று சொல்லாது. சொல்லும் வசதி இருந்தால் ஒருநாள் எவராவது சொல்லிவிடுவார்கள்; அன்று தகட்டை மறந்திருப்பார்கள். ஊசிக்கொரு செட்டர், தகட்டுக்கொரு செட்டர் என்று வெளியே கொடுக்காமல் ‘சுமையைக் குறை’ என்று ஒரே வழிமுறையைக் கொடுத்திருப்பதால்தான் மலையடிவாரத்தில் வேலை செய்பவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். நிரலாக்கத்தில் ‘கேட்காதே, சொல்’ என்று ஒரு கொள்கை வழங்குகிறது. பொருளிடம் அதன் உள்நிலையைக் கேட்டு, நாமே முடிவெடுத்து, அதில் திரும்பக் கொண்டுபோய் வைக்காதே. வேண்டியதைச் சொல்லிவிடு, முடிவை அது எடுக்கட்டும் என்பது அதன் சாரம். அந்தக் கொள்கைக்குப் பெயரே இல்லாத காலத்திலிருந்து நீர்மின் நிலையங்கள் அதைக் கடைப்பிடித்து வருகின்றன.

பழுதுபார்க்கும்போது ஊசியைக் கையால் நகர்த்துவதில்லையா என்று கேட்கலாம். நகர்த்துவார்கள், மேலே அடைப்பிதழை மூடிவிட்டு, அதற்குரியவர் மட்டும், குறிப்பேட்டில் எழுதிவைத்துவிட்டு. அந்த வாசல் அன்றாடப் புழக்கத்துக்குரியதன்று. நிரலிலும் பழைய தரவுகளைப் புதிய அமைப்புக்கு மாற்றும்போது அப்படி ஒரு பின்வாசல் தேவைப்படும். அதை முன்வாசலாக்காமல் இருந்தால் போதும்.

*

இத்தனை தெளிவான ஒன்று எப்படி வழக்கொழிந்தது? வரலாறு சிறியதுதான். 1972இல் கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்திலிருந்த டேவிட் பார்னாஸ் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு பெரிய நிரலை எந்த அடிப்படையில் பகுதிகளாகப் பிரிப்பது என்பது அவர் கேள்வி. பின்னால் மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றையும் ஒரு பகுதிக்குள் மறைத்துவை என்பது அவர் விடை. அதற்கு அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு நம் துறைக்கு நெருக்கமானது: வரிகளிலுள்ள ஒவ்வொரு சொல்லையும் முதலுக்குக் கொண்டுவந்து, சூழலோடு அகரவரிசைப்படுத்தும் ஓர் அடைவு. சங்க இலக்கியச் சொல்லடைவுகளைப் புரட்டியவர்களுக்கு அதன் அருமை புரியும். வரிகள் உள்ளே எவ்வாறு சேமிக்கப்பட்டுள்ளன என்பது அகரவரிசைப்படுத்தும் பகுதிக்குத் தெரியவே கூடாது என்றார் அவர்.

இதன் பொருளைத் தமிழ் இணையத்தில் நெடுநாள் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. திஸ்கி குறியீட்டில் ‘கொ’ என்னும் எழுத்து, கண்ணுக்குத் தெரியும் வரிசையில், ஒற்றைக் கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகளாகச் சேமிக்கப்பட்டது. ஒருங்குறியிலோ ககரம், அதன்பின் ஒகரக் குறி என இரண்டே. துண்டுகளை நேரடியாகத் தொட்டு வேலை செய்த நிரல்கள் அனைத்தையும் ஒருங்குறி வந்தபோது திருத்தி எழுத வேண்டியதாயிற்று. ‘உன் முதல் எழுத்து எது?’ என்று கேட்டு விடைபெற்ற நிரல்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. உள்ளமைப்பை வெளியார் அறிந்துவிட்டால் பிறகு உள்ளமைப்பை மாற்றும் உரிமை நமக்கு இல்லாமல் போகிறது.

1970களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ஆலன் கே, ஆடெல் கோல்ட்பெர்க், டான் இங்கால்ஸ் முதலியோர் உருவாக்கிய ஸ்மால்டாக் மொழியில், ஒரு பொருளின் உறுப்பு மாறிகளை வெளியார் நேரடியாகத் தொட வழியில்லை. செய்தி அனுப்பத்தான் முடியும். உயிரியலும் படித்திருந்த ஆலன் கே, பொருள்களை உயிரணுக்களைப் போலக் கருதினார். அணுவுக்குச் சவ்வு உண்டு. எது உள்ளே வரலாம் என்பதை அதுவே தீர்மானிக்கிறது.

பிறகு ஜாவா வந்தது. சன் நிறுவனம் 1990களின் பிற்பாதியில் ‘ஜாவா பீன்ஸ்’ என்னும் வரையறையை வெளியிட்டது. திரையில் பொத்தான்களையும் பெட்டிகளையும் இழுத்துப்போட்டு வடிவமைக்கும் கருவிகள், ஒவ்வொரு பெட்டிக்கும் என்னென்ன பண்புகள் உண்டு என்று தாமாகவே கண்டறிய வேண்டும்; அதற்காகக் கெட்டர், செட்டர்களுக்குக் குறிப்பிட்ட பெயரிடும் முறை வகுக்கப்பட்டது. திரைப் பெட்டிக்கு அது பொருத்தமே. ஆனால் அந்தப் பெயர்முறையையே பிற்காலத் தரவுத்தளக் கருவிகளும் பின்பற்றின. பாடநூல்கள் பின்பற்றின. பெட்டிகளுக்காகத் தைத்த சட்டையை மீட்டருக்கும் மாட்டிவிட்டார்கள். 2003இல் ஆலன் ஹோலப், கெட்டரும் செட்டரும் தீயவை என்றே தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதிப் பெரும் விவாதத்தைக் கிளப்பினார். அதே ஆண்டில் மார்ட்டின் ஃபவ்லர், தரவும் செட்டர்களும் மட்டுமே இருந்து வினையே இல்லாத பொருள்களைச் சோகை பிடித்தவை என்றார். ஜாவா மொழியே பின்னர் இப்பக்கம் ஓரடி எடுத்து வைத்தது. 2021இல் வெளிவந்த அதன் 16ஆம் பதிப்பில் நிலைபெற்ற ‘ரெக்கார்ட்’ வகைப் பொருள்களில் உறுப்புகளைப் படிக்கலாம். அவற்றுக்குச் செட்டர் கிடையாது.

எதிர்க்கட்சியின் வாதங்களில் வலுவானவற்றை மறைப்பது முறையன்று. உறுப்பைத் திறந்தே போடுவதைவிடச் செட்டர் மேல் என்கிறார்கள். நாளை ஒரு சரிபார்ப்பைச் சேர்க்க இடமிருக்கிறதே என்று. உண்மைதான். ஆனால் ஓட்டைப் பானையைவிட விரிசல் பானை மேல் என்பது போன்ற மேன்மை அது. திரையிலுள்ள ஒரு எழுத்துப்பட்டியின் நிறத்தை மாற்றச் செட்டர் வேண்டாமா என்கிறார்கள். வேண்டும். நிறம் மாறினால் வேறெந்த உறவும் குலைவதில்லை. ஒரு விண்ணப்பப் படிவத்தை நிரப்புவதற்கும், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தரவைச் சுமந்து செல்லும் வெறும் பொதிகளுக்கும் செட்டர் இருக்கலாம். படிவம் யாருக்கும் எந்த வாக்குறுதியும் கொடுக்கவில்லை. அலுவலகத்துக்குள் சென்று முத்திரை விழுந்த பிறகுதான் அது ஆவணமாகிறது.

ஆகவே வரையறை எளிது. எந்தப் பொருள் ஒரு வாக்குறுதியைக் காத்து நிற்கிறதோ அதற்குச் செட்டர் கூடாது. வாக்குறுதி இல்லாத பொருளுக்கு இருந்தால் கேடில்லை. நிரலர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டியது, இந்தப் பொருள் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறது என்பதைத்தான். அந்தக் கேள்வியை எவரும் கேட்காமல் இருக்கச் செய்வதுதான் இரண்டு சொடுக்கில் விளையும் பத்து வழிமுறைகளின் பெரிய தீமை.

கடைசியாக ஒன்று, நமக்கு இதுவே முதன்மையானது. செட்டரில் மாற்றத்துக்குக் காரணம் இல்லை. ‘உரிமையாளர் பெயரை அமர்த்து’ என்று ஒரு செட்டர் இருக்கிறது என்று கொள்ளுங்கள். பெயர் மாறிவிடும். ஏன் மாறியது? தமிழ்நாட்டு வருவாய்த்துறையில் எவரும் ‘பெயரை அமர்த்த’ மாட்டார்கள். கிரயம் நடக்கும், வாரிசுரிமை வரும், பாகப்பிரிவினை ஆகும், தானமாக எழுதிக் கொடுப்பார்கள், நீதிமன்றத் தீர்ப்பு வரும். இவற்றில் ஏதேனும் ஒன்று நிகழ்ந்ததன் விளைவாகத்தான் பட்டா மாறுதல். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சான்று, தனித்தனி விதி. எத்தனை தலைமுறைகள் வழக்காடி, ஏமாந்து, ஏமாற்றி, பட்டறிந்து சேர்த்த வினைச்சொற்கள் இவை! இத்தனையையும் துடைத்துவிட்டு ஒற்றைச் செட்டருக்குள் அடக்கும் நிரலர், மொழியைத் தொலைக்கிறார். அதோடு, ஒரு விதவையின் பெயர் பட்டாவிலிருந்து மறைந்தால் அது எவ்வாறு மறைந்தது என்று கேட்க வழியில்லாமலும் செய்கிறார்.

மதிப்பெண் பதிவேட்டில் பழைய ஆசிரியர்கள் ஒருபோதும் எண்ணின் மேல் எண் எழுதமாட்டார்கள். தவறிருந்தால் ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பம் இடுவார்கள். அடிக்கப்பட்ட எண்ணும் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது விதி. அது செட்டருக்கு எதிரான விதிதான். மின் அளவிலும் அப்படியே. கணக்கீட்டாளர் தவறாகக் குறித்துவிட்டால் திருத்தம் வேண்டும். மீட்டர் எரிந்துபோனால் புதிய மீட்டர் வேறோர் எண்ணிலிருந்து தொடங்கும். இவையெல்லாம் நிகழக்கூடியவையே. அதற்காக மூடியைத் திறந்துவிட வேண்டியதில்லை. ‘அளவைத் திருத்து’ என்றும் ‘மீட்டரை மாற்று’ என்றும் வினைகள் வரட்டும். காரணத்தையும் பொறுப்பாளரையும் சேர்த்துக் கேட்கட்டும். கூரையில் சூரியத் தகடு போட்டவர்கள் மின்சாரத்தைத் திருப்பிக் கொடுக்கும் காலம் வந்தபோதுகூட, மீட்டர் செய்தவர்கள் பழைய எண்ணைக் குறைக்க வழி செய்துவிடவில்லை. வாங்கியதற்கு ஒரு கணக்கு, கொடுத்ததற்கு ஒரு கணக்கு என்று இரண்டு தனி ஏறுமுக எண்களை வைத்தார்கள். புதிய தேவை வந்தபோது புதிய வினையைச் சேர்த்தார்கள் என்பதே இதிலுள்ள பாடம்.

முதல் ஆய்வகத்தில் எழுதியது கைப்பழக்கமாகிவிடும். அந்த மாணவர்கள்தாம் நாளை மருத்துவமனைக் குறிப்பேட்டையும் வங்கிக் கணக்கையும் தேர்வு முடிவையும் குடும்ப அட்டையையும் எழுதப்போகிறார்கள். எனவே, ஆசிரியர்களிடம் நம் வேண்டுகோள் சிறியது. மின்கட்டணப் பயிற்சியோ வேறொன்றோ கொடுக்கும்போது, உறுப்புகளின் பெயர்களைப் பட்டியலிடச் சொல்வதற்கு முன், அந்தப் பொருளுக்கு என்னென்ன நிகழும் என்று தமிழில் ஐந்து வாக்கியங்கள் எழுதிவரச் சொல்லுங்கள். இணைப்புக் கொடுத்தார்கள், அளவெடுத்தார்கள், கட்டணம் கட்டினார்கள், மீட்டரை மாற்றினார்கள், இணைப்பைத் துண்டித்தார்கள். அந்த ஐந்து வினைமுற்றுகளையும் அப்படியே வழிமுறைகளாக்கினால் பயிற்சியில் பாதி முடிந்துவிடும். ‘அளவை அமர்த்தினார்கள்’ என்று எந்த மாணவரும் எழுதிவரமாட்டார். எழுதிவந்தால், மீட்டருக்கு எவர் சூடு வைத்தது என்று கேட்டுவிடலாம்.